எதிரில் உட்கார்ந்தவர்களின் வக்கீல்

கள்ளக்குறிச்சியில் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்து வம்பு எதுவாக இருந்தாலும் அவரிடம் போ என்றுதான் சொல்வார்கள். சொத்துத் தகராறு, அடிதடி, விவாகரத்து எல்லாவற்றையும் மற்ற வக்கீல்கள் பங்கு போட்டுக்கொண்டபின் மிச்சம் கிடந்ததை இவர் எடுத்துக்கொண்டார் என்று கேலி பேசுபவர்களும் உண்டு. பள்ளியில் சேர்க்க மாட்டேன் என்றார்களா, மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுத்து வெளியே அனுப்பினார்களா, பரீட்சை எழுத விடவில்லையா, கல்வி அலுவலரிடம் முறையீடு, அதற்கு மேல் உயர்நீதிமன்றத்தில் மனு என்று வழி சொல்ல அந்த ஊரில் அவர் ஒருவர்தான் இருந்தார். பேர் சொல்ல மாட்டேன். சொன்னால் அவர் செய்த நல்ல காரியங்களை எடுத்துக்கொண்டு நாலு பேர் என்னிடம் சண்டைக்கு வருவார்கள். அவர்கள் சொல்வதும் உண்மையாகவே இருக்கும், அதுதான் எனக்குப் பிரச்சினை.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஒரு பாத்திரக் கடையின் மாடியில் அவருடைய அலுவலகம் இருந்தது. இப்போது அங்கே செல்போன் பழுது பார்க்கிறார்கள். அவர் திருநாவலூர்ப் பக்கம் சொந்த ஊருக்கே போய்விட்டார் என்று கேள்வி. மற்ற வக்கீல்கள் மாதிரி மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பேசுகிற வழக்கம் அவருக்கு இல்லை. தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து, வந்தவரின் முழங்காலை இடிக்கிற மாதிரி உட்காருவார். மேசை இழுப்பறையில் எப்போதும் வறுத்த மல்லாட்டை வைத்திருப்பார். வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பேர் அது. நாம் பேசப்பேச உடைத்து, நல்ல பருப்பையெல்லாம் நம் உள்ளங்கையில் வைப்பார். சூம்பிப் போனதை மட்டும் தன் வாயில் போட்டுக்கொள்வார். இப்படி ஒரு மனிதரை யாருக்குத்தான் பிடிக்காமல் போகும்?

எனக்கும் பிடித்தது. முதல் நாளே பிடித்துவிட்டது.

நாங்கள் வடக்கனந்தலை ஒட்டிய ஊரில் கரும்பு போடுகிறவர்கள். நான் பன்னிரண்டாவது வரை படித்தவள். எழுத்து எனக்குக் கோபம் வந்தால்தான் வரும், அதனால் இதை எழுத முடிகிறது. என் மகள் சுகன்யா அப்போது ஒரு தனியார் பள்ளியில் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள். அரையாண்டுத் தேர்வில், அறிவியல் பரீட்சையன்று, இரண்டு பெஞ்சுக்கு நடுவில், பார்த்து எழுதுகிற பிட்டுத் துண்டு ஒன்று தரையில் கிடந்தது. மேற்பார்வைக்கு வந்த டீச்சர் அதை எடுத்து, நேராக என் மகளை எழுப்பினாள். "எனக்குத் தெரியாது மிஸ்" என்றாள் இவள். மன்னிப்புக் கேட்டு எழுதிக் கொடு, விட்டுவிடுகிறோம் என்றார் பள்ளித் தாளாளர். இவள் எழுத மாட்டேன் என்றாள். அவர் மிரட்டினார். இவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். என் எதிரேயும் அதையே சொன்னாள்: "செய்யாதத எப்படிம்மா செஞ்சேன்னு எழுதறது?" எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. மறுநாள் மாற்றுச் சான்றிதழைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

வேறு பள்ளியில் சேர்த்துவிட்டுப் போயிருக்கலாம். என் வீட்டுக்காரர்கூட அதைத்தான் சொன்னார். ஆனால் காப்பியடித்துப் பிடிபட்டவள் என்ற பேரோடு அவள் எந்த வாசலுக்குள் நுழைந்தாலும் அந்தப் பேர் அவளுக்கு முன்னால் போய் நிற்கும். அவள் செய்யவில்லை என்று யாராவது ஒரு அதிகாரி சொல்ல வேண்டும். அந்தப் பள்ளிக்காரர்கள் காதில் விழுகிற மாதிரி சொல்ல வேண்டும். எனக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது.

சுகன்யாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதையெல்லாம் நான் சொல்லி முடிப்பதற்குள் வக்கீலின் கண் கலங்கிவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"இன்னா பொண்ணும்மா இது! நா வாழ்க்கையில இந்த மாதிரி ஒரு கேசப் பாத்ததில்ல. தங்கச்சி, நீ அழுவாத. அந்த டீச்சர் வந்து இந்தப் புள்ளகிட்ட 'நாந்தான் தப்பாப் பாத்துட்டன்'னு சொல்லணும். சொல்ல வெக்கறன். இல்லன்னா சென்னைக்குப் போறோம்."

என்னைத் தங்கச்சி என்று கூப்பிட்டதால் அவர் என் மகளுக்கு மாமா ஆகிவிட்டார். 'வக்கீல் மாமா' என்றுதான் அவள் கடைசி வரை கூப்பிட்டாள். அவள் கை நிறைய மல்லாட்டைப் பருப்போடு மாடிப்படி இறங்கினாள். பல நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் சிரித்தாள்.

கீழே பாத்திரக் கடை பாய் எங்களைப் பார்த்ததும், "இன்னாம்மா, அழுதாரா?" என்று கேட்டார்.

எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. ஆமாம் என்றேன்.

"நல்ல மனுசன்மா. ஆனா கொஞ்சம் ஜாஸ்தி நல்லவரு" என்றார். சொல்லிவிட்டுக் குத்துவிளக்குக்கு விலை கேட்ட ஒருவரிடம் திரும்பிக்கொண்டார்.

இதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு அப்போது புரியவில்லை. அடுத்தடுத்த தடவை போனபோது பாயே சொன்னார். மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் வேலை செய்கிற ஒருவர் தன் பையனைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். பையன் தலைமுடியைச் சினிமாக்காரன் மாதிரி வெட்டிக்கொண்டிருந்தானாம். அதை ஒட்ட வெட்டிக்கொண்டு வந்தால்தான் வகுப்புக்குள் விடுவோம் என்று பள்ளியில் நிறுத்திவிட்டார்கள். அப்பனுக்கும் பிள்ளைக்கும் ரோஷம். நம் வக்கீல் காலையில் பையனை எதிரே உட்கார வைத்துக் கேட்டுவிட்டு, மயிருக்கும் படிப்புக்கும் என்ன சம்பந்தம், இது தனிமனித உரிமை, இதை விடக்கூடாது என்று மேசையைத் தட்டியிருக்கிறார். தட்டிய வேகத்தில் பள்ளிக்குப் போனார். அங்கே தலைமையாசிரியர் எதிரே உட்கார வைத்து, ஒரு டீ கொடுத்து, ஆயிரம் பையன்களை வைத்துக்கொண்டு நான் படுகிற பாடு உங்களுக்குத் தெரியுமா சார் என்று பெருமூச்சு விட்டிருக்கிறார். அவ்வளவுதான். சாயங்காலம் இந்த வக்கீலே பையனைச் சலூனுக்குக் கூட்டிப் போய், பக்கத்தில் நின்று, ஒட்ட வெட்டிக் கொண்டுபோய் விட்டாராம்.

"அந்தப் பையன் அழுதுகினே போச்சு. இவரும் அழுதுகினே போனாரு" என்றார் பாய்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். என் வீட்டுக்காரரிடமும் சொல்லிச் சிரித்தேன். அடுத்தவர் பிள்ளையின் முடிதானே, சிரிப்பு வரத்தான் செய்யும்.

அவருக்கு ஒரு வசனம் உண்டு. "பள்ளிக்கூடம் அங்கியேதான் இருக்கும். புள்ளதான் வளந்துகினே இருக்கும்" என்பார். கோர்ட்டு வாய்தா வாங்கி வாங்கி நடப்பதற்குள் பிள்ளைக்கு ஒரு வருஷம் போய்விடும், ஜெயித்தாலும் உட்கார வகுப்பு இருக்காது என்பது அதன் பொருள். உண்மையான பேச்சு. பள்ளிக்கூடத்து வழக்கில் சட்டத்தைவிடக் காலண்டர்தான் பெரிய எதிரி என்று எனக்குப் புரிய வைத்தவர் அவர்தான். ஆனால் அந்த வசனத்தை அவர் யாரிடம், எப்போது சொல்கிறார் என்று பார்த்தால், எதிர்த்தரப்பைப் பார்த்துவிட்டு வந்த பிறகு நம்மிடம் சொல்வார். போகும்போது சொல்ல மாட்டார்.

கல்வராயன் மலையிலிருந்து அவரிடம் வழக்குக் கொண்டுவந்த ஒருத்தியை அந்த மாடிப்படியில்தான் சந்தித்தேன். வெள்ளிமலைக்கும் மேலே ஏதோ ஒரு ஊர், சின்னப்பொண்ணு என்று பேர், என் வயதுதான் இருக்கும். சாதிச் சான்றிதழ் கொண்டுவரவில்லை என்று அவள் மகனை ஒரு விடுதிப் பள்ளியில் சேர்க்க மறுத்துவிட்டார்கள். சான்றிதழுக்கு ஆபீஸ் ஆபீஸாக நடந்து, அது வருவதற்குள் சேர்க்கை முடிந்துவிட்டது. வக்கீல் அவர்களுக்காக மலையேறிப் போயிருக்கிறார். அவள் வீட்டில் சாமைச்சோறு சாப்பிட்டு, இதை நான் விட மாட்டேன் என்று அழுதிருக்கிறார். கீழே இறங்கி அதிகாரியைப் பார்த்துவிட்டு, அடுத்த வருஷம் முதல் ஆளாகச் சேர்த்துக்கொள்வதாகச் சொல்கிறார்கள், நல்ல மனுஷர், பாவம் அவருக்கும் மேலிடத்துத் தொந்தரவு என்று வந்து நின்றாராம்.

"அப்பறம் இன்னா பண்ண?" என்று கேட்டேன்.

"அப்பறம் நாங்க அவரத் தனியா உடல. அவரு எந்த ஆபீசுக்குப் போனாலும் நானும் போனன். அவருக்கு எதுத்தாப்புல போயி குந்திக்கினன். ஒண்ணும் பேசல. அவரு அந்தாண்ட திரும்பனா நானும் அந்தாண்ட போயி குந்துனன். அதிகாரி இன்னாம்மா இதுன்னு கேட்டாரு. எனக்குப் படிப்பு இல்லீங்க, சும்மா குந்தியிருக்கன்னு சொன்னன்."

"என்ன ஆச்சு?"

"பையன் இப்ப அங்கதான் படிக்கறான்" என்றாள். "அவரு கண்ணு எங்க இருக்கோ அங்கதான் அவருக்கு மனசு. நீயும் அவரு கண்ணுல இருந்து நவுராத."

மலைக்காரர்கள் எல்லாருமே அவரிடம் இப்படித்தான் வழக்கு நடத்துகிறார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். மாற்றி மாற்றி ஆள் வந்து அவர் எதிரே உட்காருவார்களாம். தேனடைக்குக் காவல் இருப்பது மாதிரி வக்கீலுக்குக் காவல்.

எங்களுக்காக வக்கீல் போட்ட முறையீட்டின் பேரில் கல்வி அலுவலர் வைத்த முதல் விசாரணைக்கு நானும் என் வீட்டுக்காரரும் போனோம். நானும் சின்னப்பொண்ணு சொன்ன மாதிரியே அவருக்கு நேர் எதிரே சுகன்யாவை உட்கார வைத்தேன். அன்றைக்கு அவரைப் பார்த்திருக்க வேண்டும். அப்படி ஒரு சிங்கம்.

"துண்டுச்சீட்டுல இருக்கற கையெழுத்தும் இந்தப் புள்ள கையெழுத்தும் ஒண்ணான்னு ஒப்பிட்டுப் பாத்தீங்களா? பாக்கல. ரெண்டு பெஞ்சுக்கு நடுவுல கெடந்தா, இந்தாண்டப் புள்ளதுன்னு எப்படி முடிவு பண்ணீங்க? அந்தாண்டப் புள்ளய ஏன் கேக்கல? பதினாலு வயசுப் பொண்ணு மேல திருட்டுப் பழி போடறீங்க, அவ பக்கத்த ஒரு வார்த்த கேட்டீங்களா?"

கல்வி அலுவலர் முன்னால் சாய்ந்து குறித்துக்கொண்டார். அடுத்த விசாரணைக்கு அந்த டீச்சரை அழைத்து வாருங்கள், அன்றைக்கே உத்தரவு போட்டுவிடுகிறேன் என்றார். வெளியே வந்ததும் என் வீட்டுக்காரர் வக்கீலின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அதிகம் பேசத் தெரியாத மனுஷன், அதற்கு மேல் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

அடுத்த விசாரணை நாளும் எங்கள் கரும்புக்குக் கட்டிங் ஆர்டரும் ஒன்றாக வந்தது.

கரும்பு போடாதவர்களுக்கு இதன் கனம் தெரியாது. கரும்பு முற்றிவிட்டது என்று நாமாக வெட்டிவிட முடியாது. ஆலை ஆர்டர் கொடுத்த நாளில்தான் வெட்ட வேண்டும். மேஸ்திரி வெட்டு ஆட்களோடு வந்து இறங்கும்போது கொல்லைக்காரன், அதாவது நிலத்துக்காரன், இல்லையென்றால், அடுத்தவன் கொல்லைக்குப் போய்விடுவான். பிறகு அவனை எப்போது பிடிப்பது? அதற்குள் கரும்பு காய்ந்து எடை குறைந்து, ஒரு வருஷத்துப் பாடு விறகாகிவிடும். ஆட்களுக்குச் சோறு ஆக்க நான் வேண்டும், லோடு ஏற்றி அனுப்ப அவர் வேண்டும். என்ன செய்வது என்று வக்கீலுக்குப் போன் போட்டேன்.

"இதுக்கா தங்கச்சி இவ்ளோ யோசன? நீங்க கரும்ப வெட்டுங்க. அன்னிக்கி டீச்சரக் கேப்பாங்க, புள்ளயக் கேப்பாங்க, அவ்ளோதான். நானே கார் எடுத்தாந்து புள்ளயக் கூட்டிம் போறன். என் பொண்ணு மாதிரி பாத்துக்க மாட்டனா?"

சின்னப்பொண்ணு சொன்னது எனக்கு ஞாபகம் வரத்தான் செய்தது. ஆனால் சுகன்யாதான் கூடவே போகிறாளே, அவர் கண்ணில் அவள் இருப்பாளே என்று நினைத்தேன். அவள் எதிரே இருக்கும்போது அவரால் எப்படி மாற முடியும்?

மத்தியானச் சோற்றுக்குப் பிறகு கார் எங்கள் கொல்லைமேட்டில் வந்து நின்றது. பாதிக் கொல்லை வெட்டியாகிவிட்டது. சோறு போட்டுவிட்டு நானும் கத்தி பிடித்திருந்ததில் என் தலையெல்லாம் காய்ந்த கரும்புச் சோகை. வக்கீல் இறங்கும்போதே இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு இறங்கினார்.

"முடிஞ்சிபோச்சி தங்கச்சி! திங்கக்கெழம அதே ஸ்கூலுக்கு, அதே கிளாசுக்கு உம் பொண்ணு போவுது. டிசிய வாபஸ் வாங்கிக்கினாங்க. ஆப்சென்ட் போட்டதயும் அடிச்சிட்டாங்க. எல்லாருக்கும் சந்தோசம்!"

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. வெட்டு ஆட்கள்கூட நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்கள். காருக்குள் பார்த்தேன். சுகன்யா இறங்கவில்லை. முன்சீட்டில் மடியில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"டீச்சர் என்ன சொன்னா?" என்று கேட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"அது பாவம் தங்கச்சி. தற்காலிகமா வேலைக்கு வந்த பொண்ணு. புருசன் உட்டுட்டுப் போயிட்டான். கைக்கொழந்தய இடுப்புல வெச்சிக்கினு வராண்டாவுல என் எதுக்க வந்து குந்திக்கினு அழுவுது. தப்பாப் பாத்துட்டன்னு சொன்னா இன்னிக்கே வேலய உட்டு அனுப்பிடுவாங்க சார், எனக்கு வேற போக்கு இல்ல சார்னு அழுவுது. தாளாளரும் வந்து, பொண்ணு ஒரு வார்த்த மன்னிச்சிடுங்கன்னு சொல்லட்டும், இப்பவே சேத்துக்கறன்றாரு. யோசிச்சன். ஒரு வார்த்தயில நாலு பேரு நல்லா இருப்பாங்க."

"யாரு சொன்னா அந்த வார்த்தய?"

"சுகன்யாதான் சொல்லுச்சி. தங்கமான புள்ள. நா சொன்னதும் புரிஞ்சிக்கினு, அதிகாரிக்கு முன்னால, 'தெரியாமப் பண்ணிட்டன், மன்னிச்சிடுங்க மிஸ்'னு அழகா சொல்லுச்சி."

கையில் இருந்த கத்தியை நான் கீழே போட்டேன். போடாமல் இருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது.

"அவ செய்யலன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"நல்லாத் தெரியும் தங்கச்சி! அதுல எனக்கு ஒரு சந்தேகமும் இல்ல. அதனாலதான் தைரியமா சொல்ல வெச்சன். நெஜமா செஞ்ச புள்ளயா இருந்தா அந்த வார்த்த அதோட மனச அறுக்கும். இது செய்யாத புள்ள, இதுக்கு இன்னா? வாய் வார்த்ததான."

பரிகாசத்துக்குச் சொல்லவில்லை. மனதார நம்பித்தான் சொன்னார். குனிந்து என் கத்தியை எடுத்து, மண்ணைத் தட்டி, பிடிப் பக்கமாக என்னிடமே நீட்டினார்.

பிறகு சுகன்யாவிடம் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அவள் முதலில் மாட்டேன் என்றுதான் சொல்லியிருக்கிறாள். வக்கீல் மாமா அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் குழந்தையைக் காட்டி, அது பட்டினி கிடக்கலாமா என்று கேட்டிருக்கிறார். அம்மாவும் அப்பாவும் வேலைவெட்டியை விட்டுவிட்டு எத்தனை நாள் அலைவார்கள் என்றும் கேட்டிருக்கிறார். "அம்மாவுக்குத் தெரியுமா மாமா?" என்று இவள் கேட்டாளாம். "அம்மா சந்தோசப்படும்" என்றாராம். தாளாளர் எவ்வளவோ மிரட்டியும், தலைமையாசிரியை வாசலில் நிற்க வைத்தும், வகுப்பே வேடிக்கை பார்த்தும் அசையாமல் நின்ற பிள்ளை. எதிரிகள் யாராலும் அவளை அந்த வார்த்தை சொல்ல வைக்க முடியவில்லை. எங்கள் பணத்தில், எங்கள் பக்கம் பேசுவதற்கு நாங்கள் வைத்த ஆளால்தான் முடிந்தது.

பள்ளியில் பணம் வாங்கிக்கொண்டு விட்டுக்கொடுத்துவிட்டார் என்று ஊரில் பேசினார்கள். நான் அதை நம்ப ரொம்ப ஆசைப்பட்டேன். வாங்கியிருந்தால் எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்! திருட்டுப் பயல் என்று திட்டிவிட்டு, தலை முழுகிவிட்டு, என் வேலையைப் பார்த்திருப்பேன். ஆனால் அவர் யாரிடமும் ஒரு காசு வாங்குகிறவர் இல்லை. எங்களிடம் வாங்கியதையே அரை மனதோடு வாங்கினார். அவர் எங்களை விற்கவில்லை. சும்மாவே கொடுத்துவிட்டார்.

அந்த வாரமே அவருடைய மாடிக்குப் போனேன். பாய் என் முகத்தைப் பார்த்துவிட்டு, படிக்கு எதிரே இருந்த அண்டாவை நகர்த்தி வழி விட்டார். நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே கேட்டேன்.

"அந்த டீச்சரு அழுதா, அவளுக்கு ஒரு வக்கீல் வெச்சிக் குடுக்க வேண்டியதுதான சார்? எம் பொண்ணோட வக்கீலு எப்படி அவளுக்கு வக்கீல் ஆனாரு?"

"தங்கச்சி, உக்காரு."

"தங்கச்சின்னு கூப்புடாதீங்க."

அவர் உடைந்துபோனார். நடிப்பில்லை. கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. "ஆமா, தப்புப் பண்ணிட்டன். நா பாவி. அந்தப் புள்ள கண்ண நா பாத்திருக்கணும். இரு, இப்பவே சென்னைக்கு மனு தயார் பண்றன். மிரட்டி வாங்குன மன்னிப்பு செல்லாதுன்னு போடறன். நானே தப்பு செஞ்சன்னு கோர்ட்டுல சொல்றன். என் பேரு கெட்டா கெடட்டும்" என்று காகிதத்தை இழுத்து எழுதவே ஆரம்பித்துவிட்டார். அந்த நேரத்தில் அவரைவிட என் பக்கம் நின்றவர்கள் உலகத்தில் யாரும் இல்லை. என் கோபம் கரைந்தது. நானே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். மல்லாட்டை உடைத்துக் கொடுத்தார். தின்றேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேல் எரிச்சல் வருகிறது.

மனு போகவில்லை. நான் இறங்கிப் போனபின் அந்த நாற்காலியில் வேறு யாரோ வந்து உட்கார்ந்திருப்பார்கள். போன் செய்தால், "கொஞ்சம் பொறு தங்கச்சி, அந்த டீச்சருக்கு ஒரு வழி பண்ணிட்டுப் போடலாம்" என்றார். பிறகு பள்ளிக்கூடம் அங்கேயே இருக்கும், பிள்ளைதான் வளரும் என்றார். அதற்குப் பிறகு நான் போன் செய்வதை விட்டுவிட்டேன்.

சுகன்யா அந்தப் பள்ளிக்குத் திரும்பப் போனாள். கேட்டதெல்லாம் கிடைத்தது, வகுப்பு, பெஞ்சு, வருகைப் பதிவு எல்லாம். முன்பு அவளை நம்பிய சிநேகிதிகள்கூட, "நீதானடி ஒத்துக்கின?" என்று கேட்டார்கள். கணக்கு டீச்சர் பரீட்சை நாளில் அவளைத் தனியாக முன்வரிசையில் உட்கார வைத்தாள். ஒன்பதாவது முடியும் வரை பல்லைக் கடித்துக்கொண்டு விட்டுவைத்தோம். பத்தாவதுக்கு அரசுப் பெண்கள் பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்த்தேன். அங்கே யாருக்கும் எதுவும் தெரியாது. நன்றாகப் படித்தாள். பிள்ளைகள் மறந்துவிடும் என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் அந்தப் பள்ளித் தலைமையாசிரியை என்னை வரச்சொன்னார். பயந்துகொண்டே போனேன். அவர் என்னை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

"பயப்படாதீங்கம்மா, உங்க பொண்ணு மேல ஒரு புகாரும் இல்ல. முந்தாநாள் லேப்ல ஒரு கண்ணாடிக் குடுவை ஒடஞ்சிடுச்சி. ஒடச்சது யாருன்னு சொல்ற வரைக்கும் யாரும் வீட்டுக்குப் போகக்கூடாதுன்னு டீச்சர் சொல்லியிருக்காங்க. உங்க பொண்ணு எழுந்து, நாந்தான், மன்னிச்சிடுங்க மிஸ்னு சொல்லிடுச்சி. நேத்து வேற ஒரு பொண்ணு வந்து, நாந்தான் மிஸ் ஒடச்சன்னு அழுவுது. விசாரிச்சா, அன்னைக்கு உங்க பொண்ணு லேப்புக்கே போகல. தலைவலின்னு கிளாஸ்லயே படுத்திருந்திருக்கு. இந்தப் பிள்ளை ஏம்மா இப்படிப் பண்ணுது?"

எனக்குத் தெரியவில்லை என்றேன். பொய்தான்.

பள்ளி விட்டதும் அவளைக் கூட்டிக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு வந்தேன். எங்கள் ஊர்ப் பேருந்து தூரத்தில் தெரிந்தபோதுதான் கேட்டேன்.

"ஏண்டி செய்யாதத செஞ்சேன்னு சொன்ன?"

அவள் புத்தகப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். முகத்தில் வருத்தமோ கோபமோ எதுவும் இல்லை. மழை வருமா என்று கேட்டதற்குப் பதில் சொல்கிற மாதிரி சொன்னாள்.

"எல்லாரும் பஸ்சுக்குப் போவணும்னு நின்னுகினு இருந்தாங்கம்மா. யாராச்சும் ஒருத்தர் சொல்லணும்ல. எனக்குத்தான் அது வருதே."

பேருந்து வந்து நின்றது. அவள் முண்டியடித்து ஏறி, எனக்கு ஜன்னலோரம் ஓர் இடம் பிடித்து வைத்தாள்.